ஈறு சிகிச்சை முடிந்தது, அப்புறம்?

"சரியாயிடுச்சா?" என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். மதினி கேட்டார், பள்ளிக்கூடத்தில் கூட வேலை பார்த்தவர்கள் கேட்டார்கள், மருந்துக்கடைத் தம்பியும் கேட்டான். கண்புரை ஆபரேஷன் என்றால் ஆமாம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். ஈறு நோய்க்கு அப்படி முடியவில்லை. "இப்ப நல்லா இருக்கு, ஆனா மூணு மாசத்துக்கு ஒரு தடவை போகணும்" என்று நான் சொன்னதும் எதிரில் இருப்பவர் முகம் மாறுகிறது. மதினி வாய்விட்டே கேட்டுவிட்டார்: "நல்லா இருக்குன்னா எதுக்குப் போகணும்? சும்மா காசு பிடுங்குறாங்க."

அன்றைக்கு அவருக்கு நான் சொன்ன பதில் அரைகுறை. முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், அதனால் எண்கள் கொஞ்சம் கூடுதலாகவே வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், எனக்குச் செய்தது என்ன? மரத்துப்போக ஊசி போட்டு, வாயைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டு, ஈறுக்கு மேலேயும் கீழேயும் கல்லாக இறுகிப் படிந்திருந்த காரையை எடுத்தார்கள். ஈறுக்குள் மறைந்திருந்த வேரின் மேற்பரப்பையும் சுத்தம் செய்தார்கள். சில வாரம் ஆறவிட்டு மறுபடி அளந்து பார்த்தார்கள். கருவி எட்டாத ஆழம் இருந்த இடங்களில் ஈறைத் திறந்து சுத்தம் செய்து தையல் போட்டார்கள். ஃப்ளாப் சர்ஜரி என்பது அதுதான். பேரைக் கேட்டுப் பயந்த அளவுக்கு அது ஒன்றும் இல்லை. இரண்டு நாள் ரசம் சாதம், அவ்வளவுதான்.

இதனால் ஈறின் வீக்கம் வற்றியது, பல் தேய்க்கும்போது வந்த இரத்தம் நின்றது, பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் உண்டான பாக்கெட்டுகள் சுருங்கின. திரும்பி வராதது எலும்பு. பல்லைப் பிடித்துக்கொண்டிருந்த தாடை எலும்பு ஓரளவு கரைந்துபோயிருந்தது. சில வகைப் பள்ளங்களில் எலும்புத்தூளும் சவ்வும் வைத்துக் கொஞ்சம் மீட்க முடியும். மற்றபடி போனது போனதுதான். மிச்சம் இருக்கிற எலும்பை வைத்துக்கொண்டு இனிக் காலத்தை ஓட்ட வேண்டும். ஈறு நோய்களுக்கு 2018இல் உலக அளவில் ஒரு புதிய வகைப்பாடு வெளியிட்டார்கள். பல்லைத் தாங்கும் எலும்புவரை நோய் ஒருமுறை போய்விட்டால், அது அடங்கிய பிறகும் அவர் வாழ்நாள் முழுக்கக் கண்காணிப்பில் இருக்க வேண்டியவர் என்று அதிலேயே சொல்லியிருக்கிறார்கள்.

ஏன் மறுபடி வருகிறது? பல்லில் படிவது அழுக்கு என்று பொதுவாகச் சொல்கிறோம். அது உயிருள்ள படலம். கிருமிகள் கூட்டம் கூட்டமாக ஒட்டிக்கொண்டு, தங்களுக்கென்று ஒரு பசையை உண்டாக்கிக்கொண்டு வாழ்கிற இடம். தாமிரபரணிப் படித்துறையில் பாசி படிவதுபோலத்தான். எவ்வளவு சுரண்டினாலும், தண்ணீர் ஓடும்வரை பாசியும் வந்துகொண்டேதான் இருக்கும். வாயில் எச்சில் எப்போதும் இருக்கிறது.

ஹரால்ட் லோ என்ற நார்வேக்காரர் 1965இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் இதை மிக எளிமையாகச் சோதித்துக் காட்டினார். ஈறு நன்றாக இருந்த 12 பேரைப் பல் தேய்ப்பதை அடியோடு நிறுத்தச் சொன்னார். 10 நாளிலிருந்து 21 நாளுக்குள் எல்லோருக்கும் ஈறு அழற்சி வந்துவிட்டது. மறுபடி தேய்க்கத் தொடங்கியதும் ஒரு வார வாக்கில் அடங்கியும் விட்டது. ஆரோக்கியமான ஈறுக்கே இந்தக் கதி. எலும்பு கரைந்து பள்ளம் விழுந்த ஈறுக்கு அத்தனை தாராளம் கிடையாது. ஆழத்தில் சுத்தம் செய்த பிறகும் பழைய கிருமிக்கூட்டம் சில வாரங்களில் மெல்லக் குடியேறத் தொடங்கிவிடும். மூன்று மாதம் என்ற கெடு இங்கிருந்துதான் வருகிறது. அந்தக் கிருமிகள் மறுபடி வலுவாக ஊன்றுவதற்குள் கலைத்துவிட வேண்டும்.

இந்த இடத்தில் மதினி, "எங்க ஆச்சி சாம்பல் வச்சுத் தேய்ச்சு எம்பது வயசுலயும் முறுக்கு கடிச்சாளே!" என்பார். எல்லா வீட்டிலும் இப்படி ஒரு ஆச்சி உண்டு. அதற்கும் பதில் இருக்கிறது, அதுவும் நமக்குத் தூரமில்லாத இடத்திலிருந்து.

அதே லோவும் அவருடைய சகாக்களும் 1970இல் இலங்கை மலையகத்துக்குப் போனார்கள். தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்த்த 480 ஆண்களின் வாயை 15 ஆண்டுகள் தொடர்ந்து பரிசோதித்தார்கள். நம் ஊர்ப் பக்கங்களிலிருந்து கப்பலேறிப் போன குடும்பங்களின் வாரிசுகள் நிறைந்த மலையகம் அது. அந்தத் தொழிலாளர்களிடம் டூத் பிரஷ் பழக்கம் இல்லை, பல் மருத்துவம் எட்டியதும் இல்லை. எல்லோர் பல்லிலும் படலமும் காரையும் தாராளமாக இருந்தன, எல்லோருக்கும் ஈறு வீங்கித்தான் இருந்தது. ஆனால் நோய் எல்லோரிடமும் ஒரே மாதிரி போகவில்லை. ஏறக்குறைய 8 சதவீதம் பேருக்கு வேகமாக முற்றியது. 81 சதவீதம் பேருக்கு நடுத்தர வேகம். மிச்சம் 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டி எதுவுமே ஆகவில்லை. வேகமாக முற்றியவர்கள் 35 வயதில் சராசரியாக 12 பல், 40 வயதில் 20 பல் இழந்திருந்தார்கள். 45 வயதில் ஒரு பல்லும் இல்லை. அந்த 11 சதவீதத்தினர் அநேகமாக ஒரு பல்லைக்கூட இழக்கவில்லை.

பல் மருத்துவமே எட்டாத மனிதர்களின் பல் உதிர்வதை வருடக்கணக்காகக் குறித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள் என்று படிக்கும்போது மனசு சங்கடப்படத்தான் செய்தது. ஆனால் ஈறு நோய் தன் போக்கில் விட்டால் என்ன செய்யும் என்று உலகத்துக்குத் தெரிந்தது அந்தத் தோட்டத் தொழிலாளர்களின் வாயிலிருந்துதான். ஆச்சியின் ரகசியமும் அங்கேதான் இருக்கிறது. அவர் பெரும்பாலும் அந்த 11 சதவீதத்து ஆள். சாம்பலுக்கு அதில் பங்கு இல்லை. எலும்புவரை நோய் வந்துபோன நான் அந்தக் கூட்டத்தில் இல்லை என்பது எனக்கு ஏற்கனவே தெரிந்துவிட்டது.

சரி, இதெல்லாம் தெரிந்த பிறகும் ஆட்கள் ஏன் போவதில்லை? வலிக்கவில்லை, அதனால் போவதில்லை. பல் டாக்டரிடம் போக நமக்குத் தெரிந்த ஒரே காரணம் வலி. சொத்தைப் பல் ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பிவிடும், காலையில் க்ளினிக் வாசலில் நிற்போம். எலும்பு கரைவது அப்படி எழுப்புவதே இல்லை. சிகிச்சைக்கு முன்னாலும் எனக்கு வலி இருந்ததில்லை, இப்போதும் இல்லை. வலியை நம்பி இருந்தால் இந்த நோயில் பல் ஆடும்போதுதான் தகவல் வரும். அதனால் வலி பார்க்கிற வேலையைக் காலண்டருக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஒரு தொந்தரவும் இல்லாமல் கிளம்பிப் போய் டாக்டர் முன்னால் வாயைத் திறப்பது நம் பழக்கத்துக்கு எதிரானது. இந்தப் பராமரிப்பில் ஆகக் கடினமான பகுதி அதுதான் என்பேன்.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து ஈறு மருத்துவமனை ஒன்றில் 961 நோயாளிகளின் எட்டு ஆண்டுப் பதிவுகளை எடுத்துப் பார்த்து 1984இல் வெளியிட்டார்கள். சொன்ன தவணைக்கெல்லாம் ஒழுங்காக வந்தவர்கள் 16 சதவீதம். சிகிச்சை முடிந்து ஒருமுறைகூடத் திரும்பாதவர்கள் 34 சதவீதம். மிச்சப் பேர் நினைத்தபோது வந்தவர்கள். காசும் படிப்பும் வசதியும் இருக்கிற இடத்திலேயே நிலைமை இதுதான். மதினியை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை.

தவணைக்குப் போனால் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். க்ளீனிங் என்று ஒரே வார்த்தையில் நினைத்துக்கொண்டிருப்பவர்கள் பலர்.

முதலில் பேச்சு. புதுசாக ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா, சர்க்கரை எவ்வளவு, வாய் வறள்கிறதா என்று கேட்பார்கள். இது ஊர்க்கதை இல்லை. இரத்த அழுத்தத்துக்குப் பலரும் போடுகிற அம்லோடிபின் சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்கும், வலிப்பு மாத்திரை ஒன்றும் அப்படிச் செய்யும். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுகிறவர்கள் அதையும் சொல்லிவிட வேண்டும், தாங்களாகவே நிறுத்திவிட்டுப் போய் நிற்கக்கூடாது.

அப்புறம் அளவு. இதுதான் முக்கியம். ப்ரோப் என்று ஒரு கருவி இருக்கிறது. மெல்லிய கம்பி, நுனி மழுங்கியிருக்கும், மில்லிமீட்டர் கோடுகள் போட்டிருக்கும். அதைப் பல்லை ஒட்டி ஈறுக்குள் மெதுவாக இறக்குகிறார்கள். இறக்குகிற விசை 25 கிராம் எடை போலத்தான். ஒவ்வொரு பல்லுக்கும் வெளிப்பக்கம் மூன்று, உள்பக்கம் மூன்று என்று ஆறு இடங்கள். எனக்கு 27 பல், ஆக 162 எண்கள். டாக்டர் சொல்லச் சொல்ல உதவிக்கு இருக்கும் பெண் எழுதிக்கொண்டே வருவாள். "த்ரீ, டூ, த்ரீ. த்ரீ, டூ, ஃபோர், பிளீடிங்." மல்லாந்து படுத்திருக்கிற எனக்கு அந்த எண்கள்தான் காதில் விழும். மூன்று வரை நல்லது. நான்கு, இரத்தம் இல்லையென்றால் பரவாயில்லை. ஐந்தும் அதற்கு மேலும் வந்தால் டாக்டரின் குரல் கொஞ்சம் தணியும். அந்த வித்தியாசம் எனக்கு இப்போது நன்றாகவே தெரியும். ஒருமுறை, "அம்மா, நீங்க கைவிரலை மடக்கி எண்ணுறீங்களா?" என்று அந்தப் பெண் சிரித்தாள். எண்ணத்தான் செய்தேன்.

இரத்தம் வருகிறதா இல்லையா என்பதை எண்ணோடு எண்ணாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் நிக்லாஸ் லாங்கும் அவர் குழுவும், சிகிச்சை முடிந்து பராமரிப்பில் இருந்தவர்களைத் தொடர்ந்து பார்த்து 1990இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். அளக்கும்போது இரத்தம் வராத இடங்கள் நிலையாக இருந்தது 98 சதவீதத்துக்கும் மேல். இரத்தம் வந்த இடமெல்லாம் கெட்டுப்போனதா என்றால் அதுவும் இல்லை, மிகச் சில இடங்கள்தான் கெட்டன. கணக்கு டீச்சருக்குப் பிடித்த சங்கதி இது. ஒருபக்கம் திருப்பினால் உறுதியாக இருக்கிற விதி, மறுபக்கம் திருப்பினால் நிற்கவில்லை. இரத்தம் இல்லையென்றால் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். இருந்தால் பயப்பட வேண்டாம், கவனிக்க வேண்டும். சிகரெட் பிடிப்பவர்களுக்கு மட்டும் இந்த நிம்மதியை அப்படியே கொடுக்க முடியாது. புகையிலை ஈறின் இரத்தக்கசிவை மறைத்துவிடும், நோய் உள்ளே நடந்துகொண்டிருந்தாலும் வெளியே தெரியாது.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் காரை எடுப்பதும் பாலிஷ் போடுவதும். எங்கே தேவையோ அங்கே மட்டும்.

ஒருமுறை தவணை வந்தபோது சென்னையில் மகன் வீட்டில் இருந்தேன். தள்ளிப்போட வேண்டாம் என்று பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு க்ளினிக்குக்குப் போனேன். குளிரூட்டிய அறை, சுவரில் டிவி. அல்ட்ராசோனிக் கருவியை வைத்து முன்பக்கமும் பின்பக்கமும் ஒரு ஓட்டு ஓட்டினார்கள். கால் மணி நேரத்தில் "முடிஞ்சுது மேடம்" என்றார்கள். அளவு எடுக்கவில்லையா என்றேன். "க்ளீனிங்தானே கேட்டீங்க?" என்றார் அந்த இளைஞர். பில்லோடு பல்லை வெள்ளையாக்கும் திட்டத்துக்கு ஒரு சலுகைச் சீட்டும் கையில் கிடைத்தது. பல் பளபளவென்றுதான் இருந்தது. ஆனால் ஈறுக்கு மேலே தெரிகிற பாகத்தைத் துலக்குவது எனக்குத் தேவைப்பட்டதில் பாதிகூட இல்லை. எனக்குப் பிரச்சினை கண்ணுக்குத் தெரியாத நாலாவது ஐந்தாவது மில்லிமீட்டரில் இருக்கிறது. அளக்காமல் க்ளீன் செய்வது, முடிவைப் பார்க்காமல் விடைத்தாளுக்கு டிக் போடுவதற்குச் சமம் என்று வாய்வரை வந்தது, சொல்லவில்லை. இப்போதெல்லாம் வெளியூரில் தங்க வேண்டியிருந்தால் அளவுச் சீட்டின் நகலையும் கடைசி எக்ஸ்ரேயையும் எடுத்துப் போகிறேன். "இதோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்லுங்க" என்றால் எந்த டாக்டரும் ப்ரோபை எடுத்துத்தான் ஆக வேண்டும்.

வருடத்தில் நாலு முறை டாக்டர். மிச்ச நாள் எல்லாம் நம் கைதான். ஆகவே வீட்டு விவகாரம்.

பிரஷ் மென்மையானதாக இருக்க வேண்டும், ஈறும் பல்லும் சேரும் கோட்டில் 45 டிகிரி சாய்த்துப் பிடித்துச் சின்னச் சின்னதாக அசைக்க வேண்டும். சார்லஸ் பாஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1950களில் சொல்லிக்கொடுத்த முறை இது, எல்லா க்ளினிக்கிலும் பிளாஸ்டிக் பல்செட்டை வைத்துக் காட்டுவார்கள். ஆனால் பிரஷ் எவ்வளவு நன்றாகப் பிடித்தாலும் இரண்டு பல்லுக்கு நடுவில் போகாது. ஈறு நோய் பெரும்பாலும் அங்கேதான் குடியிருக்கிறது. ஆலும் வேலும் பல்லுக்கு உறுதிதான், ஆனால் குச்சியும் அந்தச் சந்துக்குள் போவதில்லை.

அதற்குத்தான் இடைப்பல் பிரஷ். பாட்டில் கழுவுகிற பிரஷைக் குட்டியாக்கியதுபோல் இருக்கும் என்று சொல்லியே எல்லோரும் விளக்குகிறார்கள். எனக்கு முதலில் பார்த்தபோது மை தீட்டுகிற மஸ்காரா குச்சி என்றே தோன்றியது. ஈறு வற்றிய பிறகு பல்லிடைச் சந்துகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அகலம். எனக்கு முன்பல்லுக்கு ஒரு அளவு, கடைவாய்க்கு வேறு அளவு வாங்க வேண்டியிருக்கிறது. நுழையும்போது லேசாக உரச வேண்டும். தொளதொளவென்று போனால் பிரயோஜனமில்லை, முறுக்கித் திணித்தால் ஈறு கிழியும், கம்பியும் மடங்கிவிடும். கடைவாய்க்கு வாயை ஆவென்று திறந்தால் கன்னம் இறுகிக் கை போகாது, வாயைப் பாதி மூடிக்கொண்டால் இடம் கிடைக்கும். பேஸ்ட் வேண்டாம். நாலைந்து முறை உள்ளே வெளியே. எடுத்து முகர்ந்து பார்த்தால் எந்தச் சந்து சரியில்லை என்று மூக்கே சொல்லிவிடும். நாகரிகமான யோசனை இல்லைதான், ஆனால் இதைவிட மலிவான பரிசோதனை கிடையாது.

பல்லிடையில் விட்டு இழுக்கிற நூல் (ஃப்ளாஸ்) போதாதா என்று டாக்டரிடம் கேட்டேன். ஈறு இறங்கி வேர் வெளியே தெரிகிற இடத்தில் வேரின் பக்கவாட்டில் பள்ளம் இருக்கும். நூல் அந்தப் பள்ளத்தின் மேலாக நேராகப் போய்விடும், பிரஷின் முடி உள்ளே இறங்கும். நெருக்கமான சந்துகளுக்கு மட்டும் நூல்.

ரோஸ் நிறத்தில் ஒரு மாத்திரை கிடைக்கிறது. மென்று துப்பினால் படலம் இருக்கிற இடமெல்லாம் சாயம் பிடிக்கும். ராத்திரி நன்றாகத் தேய்த்துவிட்டுத்தான் மென்றேன். கண்ணாடியில் பார்த்தால் முன்னாலே எல்லாம் சுத்தம். கீழ் முன்பல்லின் உள்பக்கம், நாக்கு படுகிற பக்கம், அடர்ந்த ரோஸ். கடைசிக் கடைவாய்ப்பல்லின் பின்னாலும் அப்படியே. கீழ் முன்பல்லுக்குப் பின்னால் எச்சில் சுரப்பி திறக்கிறது, மேல் கடைவாய்க்கு எதிரே கன்னத்தில் இன்னொன்று திறக்கிறது. எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து படலத்தில் ஏறிக் காரையாக இறுகுவது இந்த இரண்டு இடங்களில்தான் அதிகம். எல்லோருக்கும் கீழ்ப்பல்லின் பின்னால் மஞ்சளாகக் கல் கட்டுவதன் காரணம் அதுதான். நாக்கால் தடவிப் பாருங்கள், சொரசொரவென்று இருந்தால் அதே கல்.

மவுத்வாஷ் பற்றியும் கேட்கிறார்கள். கொப்பளிக்கிற எதுவும், எண்ணெயே ஆனாலும், பாக்கெட்டின் அடிவரை போகாது. குளோர்ஹெக்ஸிடின் மட்டும் நல்ல மருந்து, ஆபரேஷன் முடிந்த சமயத்தில் பிரஷ் வைக்க முடியாதபோது எனக்கும் கொடுத்தார்கள். இரண்டு வாரம் போல. அதை மாதக்கணக்கில் வாங்கி ஊற்றிக்கொள்கிறவர்களைத் தெரியும். பல் பழுப்பேறி, காபியின் ருசியும் மாறிப்போய், அதற்கு வேறு ஒரு டாக்டரிடம் போவார்கள்.

சிகிச்சைக்குப் பிறகு சந்தோஷமாக இல்லாத விஷயங்களும் உண்டு. முன்கூட்டியே யாரும் அதிகம் சொல்வதில்லை. வீக்கம் வற்றியதும் பல் நீளமாகத் தெரியும், பல்லுக்கு நடுவே ஈறு நிரப்பியிருந்த இடம் கருப்பு முக்கோணமாகத் திறந்துகொள்ளும். க்ளீன் பண்ணினதால்தான் பல் இடைவெளி விட்டது, பல் ஆடுகிறது என்ற பேச்சு இங்கிருந்துதான் கிளம்புகிறது. இடைவெளி முன்னமே இருந்தது, வீங்கிய ஈறும் காரையும் அடைத்துக்கொண்டிருந்தன. ஆட்டமும் பலருக்குச் சில வாரங்களில் குறைந்துவிடுகிறது. முருங்கைக்காய் நாரும் கீரையும் மாம்பழ நாரும் இப்போது எனக்குத் தவறாமல் மாட்டுகின்றன. பந்தியில் சாப்பிட்டு எழுந்தால் கைப்பையில் பிரஷ் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். ஈர்க்குச்சி, ஊக்கு எதையும் வாய்ப்பக்கம் கொண்டுபோவதில்லை.

கூச்சமும் வரும். வேருக்கு எனாமல் கவசம் கிடையாது, குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீர் என்று ஏறும். பொட்டாசியம் நைட்ரேட் கலந்த பேஸ்ட் சில வாரங்களில் பலன் தந்தது. அதே காரணத்தால் வேரில் சொத்தையும் சுலபமாக விழும். ஃப்ளூரைடு உள்ள பேஸ்ட் வேண்டும். மூலிகைப் பேஸ்ட்டுகள் பலவற்றில் அது இல்லை, டப்பாவைத் திருப்பிப் படித்துத்தான் வாங்க வேண்டும். இருட்டுக்கடை ஊர்க்காரிக்கு அல்வாவை விடு என்று சொல்ல டாக்டருக்கும் மனசு வரவில்லை. சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிடுங்கள், பொழுதெல்லாம் கொறிக்காதீர்கள், சாப்பிட்டால் வாயைக் கொப்பளியுங்கள் என்றதோடு விட்டார்.

சர்க்கரை நோய் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும். வீட்டில் என் கணவருக்கு இருக்கிறது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் ஈறு நோய் வேகமெடுக்கும் என்பது தெரிந்தது. திரும்பியும் அது வேலை செய்கிறது. ஈறின் அழற்சி அடங்கினால் எச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவு, சில மாதங்களில் சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி போலக் குறைவதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொல்கிறார்கள். ஒரு மாத்திரை கூட்டுவதற்குக் கிட்டத்தட்ட வருகிற இறக்கம் அது. அவருக்கு எச்பிஏ1சி பார்ப்பது மூன்று மாதத்துக்கு ஒருமுறை, எனக்கு ஈறும் அப்படியே. லேபுக்கும் பல் க்ளினிக்குக்கும் ஒரே நாளில் போய்விட்டு வருகிறோம். தேதி மறப்பதில்லை, ஆட்டோ காசும் மிச்சம்.

காசு என்றதும் மதினியின் கேள்வி நினைவுக்கு வருகிறது. எங்கள் ஊரில் ஒரு தவணைக்கு ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ஆகிறது. மருத்துவக் காப்பீடு பொதுவாக இதற்குக் கைகொடுப்பதில்லை. ஓய்வூதியத்தில் இது ஒரு செலவுதான், இல்லை என்று சொல்லமாட்டேன். பல்லை விட்டுவிட்டு, தாடை எலும்பில் பதிக்கிற செயற்கைப் பல்லான இம்ப்ளான்ட் போட்டுக்கொள்ளலாம் என்றால் ஒரு பல்லுக்கே பல பத்தாயிரம். அதைவிட முக்கியம், ஈறு நோய் வந்தவர்களுக்கு இம்ப்ளான்ட்டைச் சுற்றியும் அதே நோய் வருகிற வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். போட்ட பிறகும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போகத்தான் வேண்டும். முடியாதவர்களுக்கு அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் உண்டு. சென்னையில் 1953இலிருந்து இருக்கிறது, புதுக்கோட்டையில் 2023இல் புதிதாகத் தொடங்கினார்கள். ஈறு நோய்க்கென்றே தனிப் பிரிவு இருக்கும். காத்திருக்க வேண்டும், கையில் புத்தகம் கொண்டுபோக வேண்டும், ஆனால் அளவெடுப்பதைப் படிக்கிற பிள்ளைகள் விடாமல் எடுப்பார்கள். அவர்களுக்குப் பாடமே அது.

இவ்வளவு செய்தால் பலன் உண்டா என்று நானும் கேட்டிருக்கிறேன். சுவீடனில் கார்ல்ஸ்டாட் என்ற ஊரில் பெர் ஆக்செல்சன், யான் லிண்டே என்ற இரண்டு பேர் 1970களின் தொடக்கத்தில் ஒரு கூட்டத்தை எடுத்துக்கொண்டு, முறையாகச் சுத்தம் செய்து, வீட்டுப் பழக்கத்தைச் சொல்லிக்கொடுத்து, தவணை தவறாமல் வரவழைத்தார்கள். 30 ஆண்டு கழித்தும் 257 பேர் அதில் இருந்தார்கள். அந்த 30 ஆண்டில் அவர்கள் இழந்த பல், வயதுக்குத் தகுந்தபடி, தலைக்குச் சராசரியாக 0.4 முதல் 1.8 வரை. கவனியுங்கள், முப்பது வருடத்தில் இரண்டு பல் கூட இல்லை. மலையகத்து எண்களோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தலை சுற்றும்.

எல்லோருக்கும் மூன்று மாதம்தான் என்றும் இல்லை. ஐரோப்பிய ஈறு மருத்துவக் கூட்டமைப்பு 2020இல் வெளியிட்ட வழிகாட்டி 3 முதல் 12 மாதம் வரை, ஆளின் நிலைமையைப் பொறுத்து என்கிறது. எத்தனை இடத்தில் இரத்தம், எத்தனை ஆழமான பாக்கெட் மிச்சம், இதுவரை எத்தனை பல் போயிருக்கிறது, வயதுக்கு எவ்வளவு எலும்பு கரைந்திருக்கிறது, சர்க்கரை போன்ற நோய் உண்டா, புகையிலை உண்டா என்று ஆறு கேள்விக்குப் பதில் வைத்து முடிவு செய்கிறார்கள். நானும் பேரம் பேசிப் பார்த்தேன். எண்கள் நன்றாக இருந்த சமயத்தில் டாக்டர் நாலு மாதத்துக்கு ஒத்துக்கொண்டார். அப்புறம் ஒரு பல் அதைக் கெடுத்துவிட்டது.

மேல் வலது கடைவாய்ப்பல். மேல் கடைவாய்க்கு மூன்று வேர். எலும்பு இறங்கி, வேர்கள் பிரிகிற கவட்டை வெளியே தெரிய ஆரம்பித்திருக்கிறது. அந்தக் கவட்டைக்குள் எந்தப் பிரஷும் சரியாகப் போவதில்லை, டாக்டரின் கருவிக்கே அது மூச்சுமுட்டுகிற இடம். அங்கே மட்டும் 6, இரத்தத்தோடு. எடுத்துவிடலாமா என்று நேரடியாகவே கேட்டேன். "ஆடலை, வலிக்கலை, அதுலதான் சாப்பிடுறீங்க. எதுக்கும்மா அவசரம்?" என்றார். மறுபடி மூன்று மாதத்துக்கு மாற்றி, அந்தப் பல்லுக்கென்று ஒற்றைக் கொத்து முடி இருக்கிற ஒரு குட்டிப் பிரஷும் எழுதிக்கொடுத்தார். அடுத்த தவணையில் அதற்கு மட்டும் எக்ஸ்ரே எடுக்கிறோம். 6 அப்படியே இருந்தால் பல்லும் இருக்கும். 7 ஆகியிருந்தால் அப்போது உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம் என்று பேச்சு.